அர்ச். சவேரியாரும் கடற்கரைப் பிள்ளைகளும்



டிசம்பர் மாதம் 3-ம் தேதி அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார் திருநாள் வருகிறது. இந்தத் தாமிரபரணி நாட்டில் சவேரியாரை அறியாத கத்தோலிக்க வீடு கிடையாது. சவேரிமுத்து, சவேரியம்மாள், சேவியர் என்று ஆளுக்கொரு விதமாய் அவர் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சூட்டியிருக்கிறோம். பாளையங்கோட்டையில் நமது மேற்றிராணியார் கோயில் அவர் பெயரால் விளங்குகிறது. 1923-ம் வருஷம் சேசு சபையார் அங்கே தொடங்கிய கல்லூரியும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயினும், பாடுபட்ட சுரூபத்தைக் கையில் ஏந்திப் பீடத்தின்மேல் நிற்கும் அர்ச்சியசிஷ்டவரையே பார்த்துப் பழகிய நமக்கு, அவரும் ஒரு காலத்தில் வீட்டை விட்டுத் தூரதேசம் போய், விடுதி அறையில் தங்கிப் படித்த வாலிபர் என்பது நினைவில் நிற்பதில்லை.

அந்த வாலிபரைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். காரணம் உண்டு. பெற்றோர் பலர் வாய்விட்டும் வாய்விடாமலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஞானஸ்நானம் கொடுத்தோம், புது நன்மை வாங்க வைத்தோம், மாலைதோறும் செபமாலை சொல்லி வளர்த்தோம். இப்போது மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான். மகள் சென்னையில் விடுதியில் இருக்கிறாள். ஞாயிறு பூசைக்குப் போகிறார்களா, இல்லையா என்று தொலைபேசியில் கேட்கவே தயக்கமாயிருக்கிறது. நாம் கொடுத்த விசுவாசம் அங்கே அவர்களிடம் நிற்குமா? இதுவே கேள்வி. பிள்ளைகளுக்கும் ஒரு கேள்வி உண்டு. அதை அவர்கள் நம்மிடம் கேட்பதில்லை. இந்த விசுவாசம் என்னுடையதா, அல்லது என் அப்பா அம்மாவுடையதா என்பதே அது.

இரண்டு கேள்விகளுக்கும் சவேரியாருடைய சீவியத்தில் பதில் கிடைக்கிறது. அவர் மாணவராயிருந்தபோது ஒரு விதமாகவும், குருவாய் நமது ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்தபோது வேறொரு விதமாகவும் கிடைக்கிறது.

ஸ்பெயின் தேசத்துக்கும் பிரான்சு தேசத்துக்கும் நடுவில் அக்காலத்தில் நவார் என்ற சிறிய இராச்சியம் இருந்தது. அங்கே சவியேர் என்ற கோட்டையில் 1506-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 7-ம் தேதி பிரான்சிஸ்கு பிறந்தார். தந்தையார் அரசனின் ஆலோசனைச் சபையில் பெரிய பதவி வகித்தவர். தாயார் நல்ல குலத்தவர், பக்தியுள்ளவர். கடைக்குட்டிப் பிள்ளையாகிய பிரான்சிஸ்கு செல்லமாகவே வளர்ந்தார். ஆனால் அந்தச் செல்வ வாழ்வு நிலைக்கவில்லை. ஸ்பெயின் படைகள் நவாரைப் பிடித்துக்கொண்டன. 1515-ம் வருஷம், பிள்ளைக்கு ஒன்பது வயதாயிருக்கையில், தந்தையார் இறந்தார். அடுத்த வருஷமே வெற்றி பெற்றவர்களின் ஆணைப்படி கோட்டையின் கோபுரங்களும் மதில்களும் இடிக்கப்பட்டன. வீட்டு மதில் இடிந்து விழுவதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். 1521-ம் வருஷம் பம்பலோனா நகரை மீட்கச் சண்டை நடந்தபோது அவருடைய தமையன்மார் ஸ்பெயின் அரசனுக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள். அதே நகரை ஸ்பெயின் அரசனுக்காகக் காத்து நின்று, காலில் குண்டடிபட்டு வீழ்ந்த ஒரு வீரரின் பெயர் இஞ்ஞாசி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமையன்மார் வாளை எடுக்க, தம்பி புத்தகத்தை எடுத்தார். 1525-ம் வருஷம், பத்தொன்பதாம் வயதில், பாரீஸ் நகரத்துச் சர்வகலாசாலைக்குப் போய், அர்ச். பார்பரம்மாள் பெயரால் நடந்த கல்லூரியில் சேர்ந்தார். நல்ல உயரம், உற்சாகமான முகம், ஓட்டத்திலும் தாண்டுதலிலும் கெட்டிக்காரர், படிப்பிலும் குறைவில்லை. வீட்டிலிருந்து பணம் சரிவர வருவதில்லை. ஆனால் வெளியே காட்டிக்கொள்ளும் கௌரவத்துக்குக் குறைவு வைக்க மனமில்லை. பட்டம் பெற்று, நல்ல வருமானமுள்ள ஒரு கோயில் பதவியைப் பிடித்து, இடிந்துபோன குடும்பத்தின் பெயரை மறுபடி நிமிர்த்த வேண்டும் என்பதே அவர் எண்ணம். இதைக் கெட்ட எண்ணம் என்று யார் சொல்லுவார்? நம் வீட்டுப் பிள்ளைகளும் இதே எண்ணத்தோடுதானே பேருந்து ஏறுகிறார்கள்? கடனைத் தீர்க்க வேண்டும், தங்கைக்குக் கலியாணம் செய்ய வேண்டும், வீட்டை ஓட்டிலிருந்து காரைக்கு மாற்ற வேண்டும் என்பது நல்ல ஆசையே.

பாரீஸ் நகரம் விடுதி மாணவருக்குப் பத்திரமான இடமாயிருக்கவில்லை. மாணவரில் சிலரும், அவர்களுக்குப் போதித்த ஓர் ஆசிரியருங்கூட, இரவில் மதில் ஏறி வெளியே போய்த் துன்மார்க்கமான இடங்களுக்குச் சென்று வந்தனர். சவேரியாரையும் கூடவே அழைத்தனர். அந்த ஆசிரியரின் உடம்பில் அந்த வழியாக வந்த புண்களைப் பார்த்தபோது தமக்கு உண்டான பயமே தம்மைக் காப்பாற்றியது என்று சவேரியார் பிற்காலத்தில் மயிலாப்பூரில் ஒரு குருவானவரிடம் மனந்திறந்து சொல்லியிருக்கிறார். அர்ச்சியசிஷ்டவருடைய இந்த ஒளிவு மறைவற்ற பேச்சைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். வாலிப வயதில் அவரைக் காத்தது ஆழ்ந்த பக்தி என்று அவர் சொல்லவில்லை, பயம் என்கிறார். சிறு வயதில் கற்ற செபம் அவருக்குத் தெரியும், பூசைக்கும் போவார். ஆனால் விசுவாசம் இன்னும் அவருடைய சொந்தப் பொருளாகவில்லை. கோட்டையைப் போல், குலப்பெயரைப் போல், அதுவும் முன்னோர் வைத்துவிட்டுப் போன சொத்தாயிருந்தது.

அவருடைய அறைத்தோழர் பேதுரு பேபர் என்பவர். சவோய் தேசத்தில் ஆடு மேய்த்த ஏழைக் குடியானவர் மகன், சவேரியாருக்கு ஒத்த வயது, சாந்தமான சுபாவம். பாப்பானவர் பிரான்சிஸ் 2013-ம் வருஷம் இவரையும் அர்ச்சியசிஷ்டவராக அறிவித்தார். 1529-ம் வருஷம் அந்த அறைக்கு மூன்றாம் ஆள் ஒருவர் வந்து சேர்ந்தார். வயது நாற்பதை நெருங்குகிறது, ஒரு கால் சற்றே நொண்டுகிறது, எளிய உடை, பிச்சை எடுத்துப் படிக்கிறார். அவர்தான் பம்பலோனாவில் குண்டடிபட்ட அந்த இஞ்ஞாசி. சவேரியாரின் தமையன்மாருக்கு எதிரணியில் நின்ற அதே மனுஷன், இப்போது சவேரியாரின் அறையில் பாய் விரிக்கிறார்! சர்வேசுரனுடைய ஏற்பாடு எப்படியிருக்கிறது பாருங்கள்.

பேபர் சீக்கிரத்திலேயே இஞ்ஞாசியாரோடு மனம் ஒத்துப்போனார். சவேரியாரோ அவரைக் கேலி செய்தார். 1530-ம் வருஷம் பட்டம் பெற்று, பொவே என்ற கல்லூரியில் அரிஸ்தோத்தலின் தத்துவ சாஸ்திரத்தைப் போதிக்கத் தொடங்கினார். 1531-ம் வருஷம், தாம் உயர்குலத்தவர் என்பதற்குச் சான்றுப் பத்திரம் வேண்டுமென்று சொந்த நாட்டில் மனுச் செய்ய ஏற்பாடு செய்தார். இஞ்ஞாசியார் இதற்கெல்லாம் கோபிக்கவில்லை. பிரசங்கமும் செய்யவில்லை. சவேரியாரின் வகுப்புக்கு மாணவரைச் சேர்த்துவிட்டார். கையில் பணமில்லாத வேளையில் தாம் இரந்து பெற்றதில் உதவினார். எல்லாவற்றுக்கும் இடையில், சேசுநாதர் தம் சீஷரைக் கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் விடாமல் அவர் முன் வைத்துக்கொண்டேயிருந்தார். உலகத்தில் கிடைக்கக்கூடியதெல்லாம் கிடைத்து ஆத்துமம் பாழாய்ப் போனால், வந்த இலாபம் எது என்பதே அந்தக் கேள்வி. நாலு வருஷம் ஒரே அறையில் இந்தப் போராட்டம் நடந்தது. வரம்பு உயர நீர் உயரும் என்பார்களே, அதுபோல இஞ்ஞாசியாரின் பொறுமை உயர உயரச் சவேரியாரின் மனமும் மெல்ல உயர்ந்தது.

1534-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ம் தேதி, தேவமாதா மோட்சத்துக்கு எழுந்தருளிய திருநாளில், பாரீசுக்கு அருகே மொன்மார்த்து என்ற குன்றிலுள்ள சிறிய கோயிலில் ஏழு பேர் கூடினர். அவர்களில் பேபர் ஒருவரே குருவானவர். அவர் பூசை செய்தார். தரித்திரத்தையும் கற்பையும் வார்த்தைப்பாடு கொடுத்த அந்த எழுவரில் சவேரியாரும் ஒருவர். 1535-ம் வருஷம் தமையனாருக்கு எழுதிய கடிதத்தில், இஞ்ஞாசியாருக்குத் தாம் பட்டிருக்கும் கடன் ஆயுள் முழுவதும் தீர்க்கக்கூடியதல்ல என்று எழுதினார். வெளிக்கு நல்லவராய்த் தோன்றிய தீய தோழரிடமிருந்து தம்மை விலக்கிக் காத்தவர் அவரே என்றும் அதில் ஒப்புக்கொண்டார். 1536-ம் வருஷம் உயர்குலச் சான்றுப் பத்திரம் ஒருவழியாய்த் தீர்ப்பாகியது. அதை விரும்பிக் கேட்ட மனுஷனோ இப்போது அங்கே இல்லை. அந்த வருஷத்தின் முடிவில் அவர் கால்நடையாய் வெனிசு நகரத்துக்குப் புறப்பட்டுவிட்டார். 1537-ம் வருஷம் ஜூன் 24-ம் தேதி அங்கே குருப்பட்டம் பெற்றார்.

பெற்றோரே, இங்கே சற்று நின்று யோசியுங்கள். சவேரியாரின் விசுவாசத்தை உயிர்ப்பித்தது எது? அதட்டல் அல்ல. சாபமும் அல்ல. நண்பர் ஒருவர் அருகிலிருந்து, அவருடைய தேவைகளுக்கு உதவி, மெய்யான ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்ததுதான். நம் ஊர்ப் பாயை எண்ணிப் பாருங்கள். பத்தமடையில் பாய் நெய்வோர் முதலில் நூலால் பாவு கட்டுகிறார்கள். பாவு எவ்வளவு திருத்தமாயிருந்தாலும் அது மட்டும் பாயாகாது. அதன்மேல் யாரும் படுக்க முடியாது. ஊற வைத்து, உலர்த்தி, மெல்லியதாய்க் கிழித்த கோரையை ஒவ்வொன்றாய் ஊடே செலுத்தி நெருக்கினால்தான் பாய் உருவாகும். பாவு இல்லாத கோரையோ காற்றில் சிதறிப் போகும். ஞானஸ்நானமும் ஞானோபதேசமும் வீட்டுச் செபமும் நாம் கட்டிக்கொடுக்கும் பாவு. கோரையைச் செலுத்த வேண்டியது பிள்ளையின் கை. நாம் பாவு கட்டியது வீணென்று வருந்த வேண்டாம். பாவு கட்டியதோடு பாய் முடிந்தது என்று எண்ணவும் வேண்டாம்.

பிள்ளையின் கைக்கு வேலை கொடுப்பது எப்படி என்பதைச் சவேரியாரின் இரண்டாம் பாகம் காட்டுகிறது.

போர்ச்சுக்கல் அரசர் இந்தியாவுக்குக் குருமார் வேண்டுமென்று கேட்டார். போக நியமிக்கப்பட்டவர் நோயாய் விழுந்தார். அவருக்குப் பதிலாய் 1540-ம் வருஷம் மார்ச் மாதத்தில், ஒரு நாள் அறிவிப்பில், சவேரியார் ரோமாபுரியை விட்டுப் புறப்பட்டார். 1541-ம் வருஷம் ஏப்ரல் 7-ம் தேதி, தம்முடைய முப்பத்தைந்தாம் பிறந்த நாளில், லிஸ்பனில் கப்பல் ஏறி, பதின்மூன்று மாதம் கழித்து 1542-ம் வருஷம் மே 6-ம் தேதி கோவாவில் இறங்கினார். அதே வருஷம் அக்டோபர் வாக்கில் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார்.

இங்கேதான் அவர் வரலாறு நம் வாசலுக்கு வருகிறது. நம் வயல்களுக்குப் பாய்ந்து மிஞ்சுகிற தாமிரபரணித் தண்ணீர் கிழக்கே ஓடிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. அந்தப் புன்னைக்காயலிலும், மணப்பாட்டிலும், தூத்துக்குடியிலும், வீரபாண்டியன்பட்டணத்திலும் சவேரியார் நடந்தார். புன்னைக்காயலிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. மணப்பாட்டில் கடலோரக் குகை ஒன்றை, அவர் தங்கிச் செபித்த இடமென்று சனங்கள் இன்றும் காட்டி வருகிறார்கள்.

அந்தக் கடற்கரையின் பரத குலத்தார் அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே, 1535-ம் வருஷத்தை அடுத்து, ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆனால் அவர்களுக்குப் போதிக்கக் குருமார் இல்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்குமேல் என்ன விசுவசிக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. பெயரளவில் கிறிஸ்தவர் என்று நம் காலத்து வாலிபரைக் குறை சொல்லுகிறோமே, நம் நாட்டின் விசுவாசம் தொடங்கிய விதமே அப்படித்தான். சவேரியார் அதைக் கண்டு முகம் சுளிக்கவில்லை, வேலையைத் தொடங்கினார்.

தமிழும் போர்ச்சுக்கீசும் அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உட்கார்ந்து, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், கற்பனைகள், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம் முதலியவற்றைத் தமிழில் ஆக்கி, தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய் அடித்துக்கொண்டு போனார். பிள்ளைகள் ஓடி வந்தனர். நாளைக்கு இருமுறை அவர்களைக் கூட்டிச் செபம் சொல்லிக் கொடுத்தார். பாரீசில் அரிஸ்தோத்தலைப் போதித்த பேராசிரியர், மணற்பரப்பில் சிறுபிள்ளைகளுக்கு ஒவ்வொரு வார்த்தையாய்ச் சொல்லிக் கொடுக்கிறார். அவருடைய தமிழும் அரைகுறைத் தமிழ்தான். மொழிபெயர்ப்பாளர் கூட இல்லாத ஒரு சமயத்தில், சனங்கள் பேசுவது தமக்கு விளங்குவதில்லை, தாம் பேசுவது சனங்களுக்கு விளங்குவதில்லை என்று நகைச்சுவையாய் ஒரு கடிதத்தில் எழுதினார். மொழி முழுவதும் வந்த பிறகு தொடங்கலாமென்று அவர் காத்திருக்கவில்லை.

இனி நான் சொல்லப் போவதே முக்கியமானது. பிள்ளைகள் கற்றதோடு சவேரியார் விட்டுவிடவில்லை. வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும், வேலைக்காரருக்கும், அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்று கட்டளையிட்டார். நோயாளிகளின் வீட்டிலிருந்து நாலு திசையிலும் அழைப்பு வந்தது. ஒருவராய் எல்லா இடமும் போக முடியவில்லை. ஆகையால் செபம் கற்ற பிள்ளைகளையே தமக்குப் பதிலாக அனுப்பினார். பிள்ளைகள் நோயாளியின் வீட்டில் நுழைந்து, வீட்டாரையும் தெருவாரையும் கூட்டி, விசுவாச மந்திரத்தைச் சொல்லி, செபம் செய்தனர். பலர் சுகமடைந்தனர் என்றும், அந்த வீட்டாருடைய விசுவாசமே அதற்குக் காரணமென்றும் சவேரியார் எழுதினார். பிள்ளைகளோ அவரை விடுவதில்லை. தம் கட்டளைச் செபத்தைச் சொல்லவும், உண்ணவும், உறங்கவும் நேரம் கொடாமல் இன்னும் சொல்லிக் கொடுங்கள் என்று நச்சரித்தார்கள் என்று பெருமையோடு குறிப்பிடுகிறார்.

யோசித்துப் பாருங்கள். பத்து வயதுப் பையன் ஒருவனை நம்பி நோயாளியின் படுக்கை அருகே அனுப்புகிறார் ஒரு குருவானவர். அந்தப் பையன் திரும்பி வரும்போது விசுவாச மந்திரம் அவனுக்கு வெறும் பாடமாக இருந்திருக்குமா? அவன் அதை ஒரு மனுஷனுடைய துன்பத்தின் முன் நின்று சொல்லியிருக்கிறான். அழுகிற தாயார் ஒருத்தி அவனோடு சேர்ந்து சொல்லியிருக்கிறாள். அன்று முதல் அது அவனுடைய விசுவாசம்.

ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளையும் உபதேசிமாரையும் நியமித்து, அவர்களுக்குச் சம்பளம் கிடைக்கவும் வழி செய்தார். இந்தக் கடற்கரையிலிருந்து போர்ச்சுக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தை, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்போருக்குக் கொடுக்கும்படி கேட்டுப் பெற்றார். 1544-ம் வருஷம் ஜூன் மாதம் வடுகர் குதிரைப்படை தாக்கியபோது சனங்கள் கன்னியாகுமரியின் கடற்பாறைகளுக்கு ஓடி, பசியாலும் தாகத்தாலும் வருந்தினர். சவேரியார் இருபது தோணிகளில் உணவேற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். காற்று எதிர்த்ததால் திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு கரைவழியே நடந்தே போனார். அவர் சொல்லிக் கொடுத்த மந்திரமும் அவர் சுமந்து வந்த அரிசியும் ஒரே கையிலிருந்து வந்தன. பிள்ளைகள் இரண்டையும் பார்த்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லுவது நலம். அந்தப் பிள்ளைகள் பிற மதத்தாரின் விக்கிரகங்களை உடைத்ததையும் சவேரியார் மகிழ்ச்சியோடே எழுதியிருக்கிறார். அது பதினாறாம் நூற்றாண்டின் மனப்போக்கு. அவரும் அக்காலத்து மனுஷரே. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ம் வருஷம் வெளியிட்ட அறிக்கையில், மற்ற மதங்களில் உள்ள உண்மையும் பரிசுத்தமுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று போதித்தது. பத்தமடையில் வாழும் நமக்கு இது புத்தகப் பாடமல்ல. நாம் படுத்துறங்கும் பாயை நெய்கிறவர்கள் நம் முஸ்லிம் சகோதரிகள். நம் பக்கத்து வீட்டார் இந்துக்கள். நம் பிள்ளைகள் விடுதியில் ஒரே தட்டில் உண்ணும் தோழர் பல மதத்தார். இவர்கள் நடுவில் தன் விசுவாசத்தை வெட்கமில்லாமல் சொல்லவும், பிறர் விசுவாசத்தை நிந்திக்காமல் மதிக்கவும் தெரிந்த பிள்ளையே இன்று நமக்கு வேண்டும். தன் விசுவாசத்தில் உறுதியாய் நிற்பவனுக்கு மற்றவனைத் தாழ்த்த வேண்டிய அவசியமே வராது.

1545-ம் வருஷம் மயிலாப்பூரில் அர்ச். தோமையார் கல்லறையருகே சில மாதம் தங்கிச் செபித்தபின், சவேரியார் மலாக்காவுக்கும், மொலுக்காத் தீவுகளுக்கும் சென்றார். 1549-ம் வருஷம் ஆகஸ்டு 15-ம் தேதி ஜப்பானில் கால் வைத்தார். சீன தேசத்துள் நுழைய வழிபார்த்துக் காத்திருக்கையில், சாஞ்சுவான் என்ற தீவில் 1552-ம் வருஷம் டிசம்பர் 3-ம் தேதி, நாற்பத்தாறாம் வயதில் மரித்தார். சீனக் கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கடைசி நேரத்தில் அருகே இருந்தவர் அந்தோனியோ என்ற சீன வாலிபர். அவருக்கு முடிவிலும் துணை ஓர் இளையவரே. 1622-ம் வருஷம் மார்ச் 12-ம் தேதி, இஞ்ஞாசியாரும் சவேரியாரும் ஒரே நாளில் அர்ச்சியசிஷ்டவர் பட்டம் பெற்றனர்.

அவர் நமது கடற்கரையில் இருந்தது மொத்தத்தில் இரண்டு மூன்று வருஷத்துக்குள்தான். விதைத்தது முளைத்ததா என்று கேட்பீர்கள். அவருக்குப்பின் வந்த அண்டிரிக்கு சுவாமியார் தமிழை நன்றாய்க் கற்று, இலக்கணமும் எழுதினார். 1578-ம் வருஷம் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற 16 பக்கச் செபநூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டார். 1658-ம் வருஷம் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்துக் குருமாரைத் துரத்தினார்கள். கத்தோலிக்க வேதத்தைக் கைவிடும்படி சனங்களை நெருக்கினார்கள். சனங்கள் கைவிடவில்லை. மணியோசைக்கு ஓடிவந்த பிள்ளைகள் அப்போது உயிரோடில்லை. ஆனால் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும், அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தது நின்றது. குரு இல்லாத வீட்டில் விசுவாசம் நிலைத்ததென்றால், தொடக்கத்திலேயே அது குருவின் கையில் மட்டும் இராமல் பிள்ளைகளின் கையில் கொடுக்கப்பட்டதே காரணம்.

ஆதலால், பெற்றோரே, மகன் பூசைக்கு வருகிறானா என்று எண்ணுவதோடு நில்லாமல், அவனுக்குக் கோயிலில் என்ன வேலை கொடுத்திருக்கிறோம் என்று நம்மை நாமே கேட்போம். மாலைச் செபத்தை அப்பாவே தினமும் நடத்த வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் பிள்ளை நடத்தட்டும். தடுமாறினால் தடுமாறட்டும், சவேரியாரின் தமிழும் தடுமாறியதே. தெருவில் படுத்த படுக்கையாயிருக்கும் பெரியவரைப் பார்க்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். செபத்தை அவன் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை சிறுவருக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்க கல்லூரி மாணவியரை விடுங்கள். சேதமடைந்த வீட்டைச் செப்பனிடவும், வெள்ளக் காலத்தில் அரிசி சுமக்கவும் வாலிபரை முன்னே நிறுத்துங்கள். பரீட்சை இருக்கிறது, இது எதற்கு என்று தடுக்காதீர்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளையிடம் பூசைக்குப் போனாயா என்று விசாரணை செய்வதற்கு முன், சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, மனம் எப்படி என்று கேளுங்கள். இஞ்ஞாசியார் முதலில் உதவினார். கேள்வி அதனோடு வந்தது. பதிலுக்கு நாலு வருஷம் காத்திருந்தார்.

வாலிபரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த விசுவாசம் என்னுடையதா என்ற கேள்வி உங்கள் மனதில் எழுந்தால் பயப்பட வேண்டாம், அது பாவமல்ல. சவேரியாரும் அந்த இடத்தில் நின்றவரே. ஆனால் கேள்வியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். உள்ளே எடுத்து வாருங்கள். படிப்பும் உத்தியோகமும் எதற்காக என்று உங்களைக் கேட்கிற ஒரு நல்ல நண்பரைத் தேடிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் நூறு பேர் இருந்தாலும் அப்படிப்பட்டவர் ஒருவர் போதும். உங்கள் அறையில் தனித்து வருந்தும் தோழனுக்கு அப்படிப்பட்ட நண்பராய் நீங்களே இருங்கள். 1544-ம் வருஷம் கொச்சியிலிருந்து எழுதிய ஒரு கடிதத்தில், ஐரோப்பாவின் சர்வகலாசாலைகளுக்குப் போய், கற்ற கல்வியைப் பிறருக்குப் பயன்படுத்தாதவர்களைக் கூவி அழைக்க வேண்டும்போல் தமக்கு இருக்கிறதென்று சவேரியார் எழுதினார். அந்தக் கூப்பிடுதல் உங்களுக்கும் சேர்த்தே.

திருநாளன்று காலைப் பூசைக்குக் குடும்பமாய் வாருங்கள். அன்று வாசகம் வாசிக்கவும், விசுவாசிகள் மன்றாட்டைச் சொல்லவும் நம் வாலிபரையே அழைக்கப் போகிறேன். பூசை முடிந்ததும் அவர்கள் இருவர் இருவராய் நம் பங்கின் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்ச் செபித்து வருவார்கள். உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால் முன்கூட்டியே கோயிலில் சொல்லி வையுங்கள். உங்கள் வீட்டில் வாலிபர் இருந்தால், தடை சொல்லாமல் அனுப்பி வையுங்கள்.

சர்வேசுரன் உங்கள் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக.

இங்ஙனம்,
உங்கள் பங்குச் சுவாமியார்